மூடி சுழலும் தரை

செவ்வாய்க்கிழமை காற்று.
புன்தா அரேனாஸ் தெருமுனைகளில் கயிறு கட்டியிருந்தார்கள்,
நடப்பவர்கள் பிடித்துக்கொள்ள.
அதைப் பிடித்துப் பிடித்து வந்து சேர்ந்தாள் யாஸ்னா,
தோளில் ஒரு நீலப் பை.

மருந்து இருக்கும், கருவி இருக்கும்,
ஒரு படிவமாவது இருக்கும் என்று எதிர்பார்த்தேன்.
சோப்புக்குமிழிப் புட்டி.
பஞ்சுப் பந்து இரண்டு.
நைந்த போர்வை.
அவ்வளவுதான்.

ஏழு மாதம் காத்திருந்து கிடைத்த தேதி.
படகுத்துறையில் விடுப்புச் சொல்லி
இஸ்திரி போட்ட சட்டையில் உட்கார்ந்திருக்கிறேன்.
அவளோ பூட்ஸைக் கழற்றிவிட்டு
எங்கள் சமையலறைத் தரையில் குப்புறப் படுத்தாள்.

அங்கேதான் இருப்பான் லிசாந்த்ரோ.
இரண்டு வயது எட்டு மாதம்.
பானை மூடியை விளிம்பில் நிறுத்திச் சுண்டுவான்.
அது சுற்றும், தள்ளாடும்,
தரையோடு எதையோ படபடத்துவிட்டு அடங்கும்.
மறுபடியும்.
காது கேட்கிறது, சோதித்தாயிற்று.
ரொட்டி உறை சரசரத்தால் அடுத்த அறையிலிருந்து ஓடி வருகிறவன்
தன் பெயருக்கு மட்டும் வருவதில்லை.

மூடியை ஒளித்து வைப்போம்.
பக்கத்து வீட்டுக்காரர் சுவரைத் தட்டும்வரை அலறுவான்.
திருப்பிக் கொடுப்போம்.
எங்களுக்குத் தெரிந்த வைத்தியம் இவ்வளவே.

அவள் பிடுங்கவில்லை.
"இன்னொரு மூடி இருக்கிறதா?" என்றாள்.
அலமாரிக்குள் தலையை விட்டு ஒரியானா தேடி எடுத்தாள்,
பிடி கழன்றது ஒன்று.
அவன் சுண்டினான், அவளும் சுண்டினாள்.
அவன் நிறுத்தினான், அவளும்.
அரை மணி நேரம்.
அரசாங்கச் சம்பளத்தில் ஒருத்தி
என் வீட்டில் பானை மூடி விட்டுக்கொண்டிருக்கிறாள்.
எனக்குச் சிரிப்பு வரவில்லை, எரிச்சல்தான்.

"எப்போது ஆரம்பிக்கும்?"
"எது?"
"சிகிச்சை."
தலை தூக்காமல் சொன்னாள்:
"நடந்துகொண்டிருக்கிறது, கொஞ்சம் சத்தம் போடாமல் இருங்கள்."

பிறகு தன் மூடியை நிமிர்த்தி
மேல்விளிம்பில் ஒரு விரல் வைத்தாள்.
ஊனோ.
தோஸ்.
மூன்றாவது எண் வரவில்லை.

நீரிணை அடங்கட்டும் என்று நாள்கணக்கில்
படகில் கிடந்தவன் நான். காத்திருப்பது என் பிழைப்பு.
அது சீட்டாடிக்கொண்டு காத்திருப்பது.
இவளோ புருவம் தூக்கி, வாய் பாதி திறந்து,
முகம் முழுவதையும் கடைபோல் விரித்து வைத்துக்கொண்டு
ஓசையில்லாமல் கிடந்தாள்.
குளிர்பெட்டி உறுமியது.
தகரக் கூரை ஒருமுறை எழும்பி உட்கார்ந்தது.
எனக்கு நாக்கு துறுதுறுத்தது, த்ரேஸ் என்று கத்திவிட.
ஒரியானா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

அவன் மூடியைப் பார்த்தான்.
ஏன் சுற்றவில்லை?
விரலைப் பார்த்தான்.
விரலிலிருந்து கை, கையிலிருந்து காலர்,
மோவாய், அங்கே கொஞ்சம் தயங்கி,
கண்.

த்ரேஸ்!
அவள் விட்டாள். அது சுற்றியது.

போகும்போது சொன்னது:
"தினம் பத்து நிமிடம். கேள்வி கேட்காதீர்கள்.
நிறம் சொல்லிக்கொடுக்காதீர்கள்.
தரைக்கு வாருங்கள், போதும்."

நாற்பத்தொரு வயது முட்டி.
முதல் வாரம் முதுகைக் காட்டினான்.
இரண்டாம் வாரம் என் மூடியை அடுப்புக்கடியில் தள்ளினான்.
யாஸ்னாவிடம் முறையிட்டேன்.
"தள்ளினானா?" என்று முகம் மலர்ந்தாள்.
"நீங்கள் இருப்பது தெரிந்துவிட்டது அவனுக்கு."

எனக்கு அது நல்ல செய்தியாக மாற
இரண்டு நாள் ஆயிற்று.

இன்று துறைமுகம் மூடல்.
காப்பியோடு நாற்காலியில் இருந்தேன்,
தரையில் இல்லை, பத்து நிமிடமும் முடிந்திருந்தது.
அவன் வந்தான். மூடியை நிறுத்தினான்.
என் சுட்டுவிரலை ஒரு சாவியைப்போல் எடுத்துப் போய்
விளிம்பின் மேல் வைத்தான்.
முகம் பார்க்கவில்லை.

இறங்கினேன். காப்பி சட்டையில் கொட்டியது.
ஊனோ.
தோஸ்.
வாயை மூடிக்கொண்டேன்,
வாழ்நாளில் இவ்வளவு நேரம் மூடியதில்லை.

ஸ்ஸ்.

மூன்றின் வாலா அது?
ஜன்னல் இடுக்கில் காற்றும் அப்படித்தான் சொல்லும்.
ஒரியானாவை எழுப்பிக் கேட்கலாம்,
அவள் இரவுப்பணி முடித்து நண்டு வாடையோடு தூங்குகிறாள்.

விரலை எடுத்தேன்.